குறுக்கே ஒரு வெட்டு

ஐப்பசி அடைமழையில் கதவு இறுகிக்கொள்ளாத வீடு நம் ஊரில் குறைவு. தோளால் இடித்துத் திறக்கிறோம். ஆசாரியைக் கூப்பிட்டு விளிம்பை இழைக்கச் சொல்கிறோம். மாசி பிறந்து வெயில் ஏறியதும் அதே கதவு தளர்ந்து காற்றில் தடதடக்கிறது. இத்தனை ஆட்டத்திலும் அந்தக் கதவின் உயரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மரம் அகலத்தில்தான் பருவத்துக்குத் தக்கபடி பெருக்கும், சுருங்கும். நீளத்தில் இருந்த அளவிலேயே இருக்கும். பச்சைத் தேக்கை முழுவதும் உலர்த்தினால் வளையங்களை ஒட்டிய திசையில் 5 முதல் 6 சதவீதம் சுருங்குகிறது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம். நார் ஓடும் நீளத்திலோ 0.1, 0.2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. மழைக்காலத்தில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் கூடினால் 200 மி.மீ. அகலமுள்ள பலகை ஒன்றரை மி.மீ. வரை பெருக்கலாம். 2 மீட்டர் நீளச் சட்டம் கால் மி.மீ. அளவே நீளும்.

குறுக்கு வெட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் வருகிறது. நெடுக்கே அறுத்து எடுத்த அகலம் தற்காலிகமானது. பருவம் அதை மாற்றும், இழைப்புளி அதைத் திருத்தும். அந்த மாற்றத்துக்கு இடம் விட்டுத்தான் நல்ல தச்சர் கதவுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் நிறுத்துகிறார். குறுக்கே வெட்டிய நீளம் அப்படியல்ல. அது மரம் கடைசிவரை வைத்துக்கொள்ளும் அளவு. ஒரு நூல் குட்டையாகப் போன சட்டத்தை எந்த மழையும் நீட்டித் தராது. சாய்ந்து போன முனை ஐம்பது வருடம் கழித்தும் சாய்ந்தே இருக்கும். அதனால்தான் இந்த ஒரு வெட்டுக்கு மட்டும் இவ்வளவு தயாரிப்பு தேவை என்கிறேன்.

நெடுக்கு அறுப்புக்கும் குறுக்கு அறுப்புக்கும் உள்ள வித்தியாசம் திசையில் மட்டும் இல்லை. ஓர் ஈர்க்குக் கட்டை நடுவே பிரிப்பதும் குறுக்கே நறுக்குவதும் எப்படி இரண்டு வேறு வேலைகளோ அப்படித்தான் இதுவும். நெடுக்கு அறுப்பில் பல் உளியைப் போல வேலை செய்கிறது. நாரோடு போய்ச் சுருள் சுருளாக அள்ளுகிறது. அதற்கு 10 அங்குலப் பிளேடில் 24 பல் போதும். குறுக்கு அறுப்பில் ஒவ்வொரு நாரையும் இரண்டு பக்கமும் கத்திபோல் துண்டித்த பிறகுதான் நடுவில் இருப்பதை வெளியே எடுக்க முடியும். ஆகவே குறுக்குப் பிளேடில் 60 அல்லது 80 பல் இருக்கும். பல் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சரிவாகத் தீட்டப்பட்டு, நுனி கூர்ந்து நிற்கும். நெடுக்குப் பிளேடை மாட்டிக்கொண்டு அவசரத்துக்குக் குறுக்கே ஓட்டினால் நார் அறுபடுவதற்குப் பதிலாகப் பிய்கிறது. அடிப்பக்கம் சிலாம்பு பெயர்ந்து தொங்குகிறது. பிளைவுட்டாக இருந்தால் மேலே ஒட்டிய மெல்லிய வெனியர் பல் பல்லாகக் கிழிந்துபோகும்.

இயந்திரம் வருவதற்கு முன் இந்த வெட்டை எப்படிப் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பேனாக்கத்தியாலோ உளியின் முனையாலோ மூலைமட்டத்தை ஒட்டிக் கோடு கிழிப்பார்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. கத்திக் கோட்டுக்கு இல்லை. அதோடு அந்தக் கீறலே மேற்பரப்பு நார்களை முன்கூட்டி அறுத்துவிடுகிறது, பிறகு ரம்பம் வந்தாலும் அதைத் தாண்டிச் சிலாம்பு ஓடாது. ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே ஓட்டி, மீந்திருக்கும் அரை நூலை உளியால் செதுக்கிக் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். நிலையிலும் சன்னலிலும், துளைக்குள் நுழையும் முனையின் இரண்டு தோள்களும் எதிர்ச் சட்டத்தோடு முடி நுழையாமல் பொருந்துவதற்கு இதுதான் காரணம். கை நடுங்காத தன்மை அதில் பாதிதான். மறுபாதி கோடு. ரம்பம் மரத்தைத் தொடும் முன்பே அந்த வெட்டு எங்கே முடியும் என்பது தீர்மானமாகிவிட்டிருக்கிறது.

டேபிள் சாவில் எல்லாம் தலைகீழ். கையில் பிடித்த ரம்பம் அசையாத மரத்தை நோக்கிப் போகாமல், இங்கே பிளேடு மேசையின் வாயிலிருந்து எழுந்து நின்ற இடத்தில் சுற்றுகிறது, மரம் அதை நோக்கிப் போகிறது. 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி மணிக்கு சுமார் 190 கி.மீ. வேகத்தில் போகிறது. 60 பல் பிளேடில் ஒரு நொடிக்கு 4,000 பல் கடந்துபோகின்றன. ஏதோ தப்பு நடக்கிறது என்று கண்டு, கையை இழுக்க மனிதனுக்குக் குறைந்தது 0.2 நொடி வேண்டும். அதற்குள் 800 பல் கடந்திருக்கும். 'நான் உஷாராக இருப்பேன்' என்பதை இந்த இயந்திரத்தின் முன் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளவே முடியாது. உஷார் அவசியம். ஆனால் அது வெட்டுக்கு முன்னால் வேலை செய்ய வேண்டிய குணம். வெட்டு நடக்கும்போது அதற்கு அவகாசம் கிடையாது.

மூத்த ஆசாரி ஒருவர் புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டிருக்கிறேன். "தம்பி, உன் பக்கத்துப் பல்லு கட்டைய மேசைமேல அமுக்கும். அந்தப் பக்கத்துப் பல்லு கட்டையத் தூக்கும். தூக்குற பல்லுக்குத்தான் பயப்படணும்." இதைவிடச் சுருக்கமாக இந்த இயந்திரத்தை விளக்க முடியும் என்று தோன்றவில்லை. நம்மை நோக்கி இருக்கும் பல் கீழ்நோக்கி இறங்குகிறது. அது வெட்டுகிறது, அழுத்துகிறது. பின்பக்கத்துப் பல் மேல்நோக்கி எழுந்து, நம்மை நோக்கியே வருகிறது. மரம் கொஞ்சம் திரும்பி அந்தப் பின்பல்லில் உரசினால் பல் அதைக் கவ்வி மேலே தூக்கி, நின்றுகொண்டிருப்பவர் வயிற்றை நோக்கி வீசும். ஆங்கிலத்தில் கிக்பேக் என்று பெயர். நம் பட்டறைகளிலும் அப்படியேதான் சொல்கிறார்கள். வீசிய மரம் அடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மரத்தைப் பிடித்திருந்த கை மரம் போன வேகத்தில் பிளேடின் மேல் இழுபடுவது.

குறுக்கு வெட்டில் இது நடப்பதற்கு மிகச் சாதாரணமான வழி ஒன்று உண்டு. எல்லாத் துண்டுகளும் ஒரே நீளம் வர வேண்டும் என்பதற்காக, நெடுக்கு அறுப்புக்கு வைத்திருக்கும் ஃபென்ஸில், நம் ஆட்கள் கைடு என்பதில், மரத்தின் முனையை முட்டவைத்துத் தள்ளுவது. பார்க்க மிகவும் ஒழுங்கான வேலையாகத் தெரியும். 100 மி.மீ. அகலமுள்ள சட்டத்தில் 300 மி.மீ. துண்டு வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கைடில் உராய்வது அந்த 100 மி.மீ. முனை மட்டும்தான். நேராகப் போவதற்குப் போதுமான பிடிமானம் அதில் இல்லை. துண்டு அறுபட்டு விடுபட்டதும் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே அகப்பட்டு நிற்கிறது. இம்மியளவு திரும்பினாலும் அதன் பக்கம் இருந்த இடத்தில் மூலைவிட்டம் வரப் பார்க்கிறது. செவ்வகத்தின் மூலைவிட்டம் எந்தப் பக்கத்தையும்விட நீளமானது. இடமோ 300 மி.மீ. மட்டும்தான். இடுங்கிய துண்டு பின்பல்லில் ஏறுகிறது. இதில் ஆசாரியின் அனுபவமோ, கையின் பலமோ, கவனமோ உள்ளே வருவதற்கு இடமே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த வடிவியல்தான் காரணம்.

தீர்வும் அதே வடிவியலில் இருக்கிறது. பிளேடுக்கு வெகு முன்னாலேயே கைடில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மரத்தின் முனையை அந்தக் கட்டையில் முட்டவைத்து அளவு பிடித்துவிட்டு, மேசைப் பள்ளத்தில் ஓடி மரத்தைக் குறுக்கே நகர்த்தும் மைட்டர் கேஜில் வைத்துத் தள்ள வேண்டும். மரம் பிளேடைச் சேரும்போது முனைக்கும் கைடுக்கும் நடுவில் அந்தக் கட்டையின் தடிமன் அளவு காலி இடம் இருக்கும். துண்டு எப்படித் திரும்பினாலும் இடுங்காது. அறுந்து விழுந்த துண்டைப் பிளேடு நிற்கும்வரை தொடக்கூடாது. அது அங்கேயே கிடக்கட்டும்.

டேவிட் பை என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். 1968இல் வெளிவந்த அவருடைய புத்தகம், கைவேலையின் இயல்பையும் கலையையும் பற்றியது. கைவேலை, இயந்திரவேலை என்று நாம் பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. அவர் பிரித்தது வேறு இடத்தில். செய்துகொண்டிருக்கும் ஒவ்வொரு கணமும் முடிவு கெட்டுப்போகக்கூடிய வேலை ஒரு வகை; அங்கே செய்பவரின் கணிப்பும் லாகவமும் கவனமும்தான் துணை. தொடங்கும் முன்பே முடிவு உறுதிசெய்யப்பட்ட வேலை இன்னொரு வகை. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாம் வகை என்பது அவர் காட்டிய உதாரணம். பெரும்பாலான வேலைகள் இரண்டும் கலந்தவை என்றும் அவர் சொன்னார். இழைப்புளிகூட ஒருவகையில் தன் அலகைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் கருவிதானே.

பை பேசிய ஆபத்து பொருளுக்கு நேரும் ஆபத்து. கோடு தவறும், மரம் வீணாகும், அவ்வளவுதான். செய்பவரின் உடம்பைப் பற்றி அவர் பேசவில்லை. டேபிள் சாவின் குறுக்கு வெட்டுக்கு வரும்போது அந்த இரண்டு ஆபத்தும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே நான் இத்தனை நாள் இந்த இயந்திரத்தோடு பழகியதில் கண்டது. மரம் கால் பாகை திரும்பினால் முனை சாய்ந்து போகிறது. அதே மரம் இரண்டு பாகை திரும்பினால் பின்பல் கவ்வுகிறது. இரண்டும் ஒரே பிழையின் சிறிய அளவும் பெரிய அளவும். துல்லியத்துக்கு ஒரு பாடம், பாதுகாப்புக்கு ஒரு பாடம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பதால்தான் இரண்டாவது பாடம் சுவரில் ஒட்டிய எச்சரிக்கைத் தாளாக மங்கிப்போகிறது. வேலை சுத்தமாக வர வேண்டும் என்ற ஆசை எந்த நல்ல ஆசாரிக்கும் உண்டு. அந்த ஆசையை முழுவதுமாகப் பின்தொடர்ந்தாலே விரலும் தப்பிவிடும். மரம் ஒரே ஒரு பாதையில் மட்டும் நகர வேண்டும், வேறு எந்தத் திசையிலும் அசைய முடியாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இரண்டுக்கும் போதும்.

அதைச் செய்து தருவது ஸ்லெட். 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தட்டு. அதன் அடியில், மேசையில் ஓடும் இரண்டு பள்ளங்களுக்குள் பொருந்தும் இரண்டு சட்டம். மேலே, நம் பக்கம் ஓர் உயரமான தடுப்பு, எதிர்ப்பக்கம் இன்னொன்று. மரத்தை நம் பக்கத்துத் தடுப்பில் சாய்த்துப் பிடித்து, தட்டோடு சேர்த்துத் தள்ளுகிறோம். மரம் மேசையில் உராய்வதில்லை. வெட்டவேண்டிய பகுதியும் வெட்டி விழப்போகும் துண்டும் இரண்டுமே தட்டின் மேல் சேர்ந்தே பயணம் செய்கின்றன. பிளேடு தட்டில் தானே அறுத்துக்கொண்ட தடம் பிளேடின் அகலமேதான், வழக்கமாக ஒரு நூல். அதனால் அறுபடும் நாருக்கு அடியிலும் பின்னாலும் மரம் முட்டுக் கொடுத்து நிற்கிறது, சிலாம்பு பெயர வழியில்லை. பட்டறையில் கிடக்கும் கழிவிலேயே இத்தனையும் செய்துவிடலாம்.

அடிச்சட்டத்தில்தான் விஷயம் தெரிந்தவரின் கை தெரியும். வழக்கமான பள்ளத்தின் அகலம் முக்கால் அங்குலம். சட்டம் அதற்குள் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. மரத்தில் செய்த சட்டம் மழையில் பெருக்கும். அதனால் வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த தேக்கில் செய்தால், அதன் அகலம் நான் முதலில் சொன்ன, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய குறைந்த சுருக்கத் திசையில் வந்துவிடும். ஆட்டம் பாதியாகக் குறையும். மரத்தின் குணத்தை அறிந்து மரத்தையே கருவியாக்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அலுமினியப் பட்டை போட்டால் இந்தக் கவலையே இல்லை என்பதும் உண்மைதான்.

நம் ஊரில் நிறையப் பட்டறைகளில் அந்தப் பள்ளமே கிடையாது. ஆங்கிள் இரும்பில் பற்றவைத்த மேசை, அடியில் மோட்டார், பெல்ட், ஒரு பக்கம் இழைக்கும் உருளை, மறுபக்கம் ரம்பம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் அதுவும் இருக்காது. டைல்ஸ் அறுக்கும் மார்பிள் கட்டரில் மரத்துக்கான பிளேடை மாட்டி, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, சுவிட்சை அமுக்கிய நிலையில் பூட்டிவிடுவார்கள். 4 அங்குலப் பிளேடுதான், ஆனால் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குப் பக்கம். இவற்றிலும் ஸ்லெட் ஓட்ட முடியும். பள்ளத்துக்குப் பதிலாக மேசையின் இரண்டு வெளி விளிம்புகளையும் கவ்விக்கொள்ளும்படி தட்டின் அடியில் இரண்டு பக்கமும் சட்டம் அடித்தால், மேசையே தண்டவாளம் ஆகிவிடும். விளிம்பு இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகவும், பிளேடுக்கு இணையாகவும் இருக்க வேண்டும்.

இணை என்பதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பிளேடு ஸ்லெட்டின் பாதைக்கு இணையாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். முன்பல் அறுத்த இடத்தைப் பின்பல் மறுபடி சுரண்டும். வெட்டிய முகத்தில் வளைவு வளைவாகக் கோடு தெரியும், கருகிய நாற்றம் வரும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு பல்லில் மார்க்கர் வைத்து, அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து பாதையிலிருந்து தூரம் பார்த்து, அதே பல்லைப் பின்னால் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். வேறு பல்லை வைத்துப் பார்த்தால் பிளேடின் சிறு வளைவும் அளவில் சேர்ந்துகொள்ளும். ஒரே பல் என்பதுதான் இதன் உயிர்.

பிறகு தடுப்பு. பாதைக்கு அது செங்குத்தா என்பதை எப்படி அறிவது? கடையில் வாங்கிய மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கலாம். அந்த மூலைமட்டம் சரியா என்பதை எதை வைத்துப் பார்ப்பது? பழைய வழி எல்லோருக்கும் தெரியும். நேரான விளிம்பில் வைத்துக் கோடு கிழித்து, மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் மறுபடி கிழிக்க வேண்டும். இரண்டு கோடும் விலகினால் விலகலில் பாதி மட்டத்தின் பிழை. புரட்டுவதால் பிழை இரட்டிப்பாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. கொத்தனார் 3-4-5 கயிறு கட்டுவதும், நிலையை மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதும் இதே அறிவின் கிளைகள். எதுவும் வெளியிலிருந்து ஓர் உத்தமமான அளவுகோலைக் கடன் வாங்குவதில்லை.

ஸ்லெட்டுக்கு இதைவிடக் கூர்மையான வழி ஒன்று உண்டு. அமெரிக்க மரவேலை ஆசிரியர் வில்லியம் இங் அதைப் பரவலாக்கினார். ஐந்து வெட்டு முறை என்று பெயர். சுமார் 400 மி.மீ. சதுரத்தில் ஒரு பிளைவுட் துண்டை எடுத்து ஒரு பக்கத்தை வெட்ட வேண்டும். வெட்டிய பக்கத்தைத் தடுப்பில் சாய்த்து அடுத்த பக்கத்தை வெட்ட வேண்டும். இப்படியே நாலு பக்கமும். பிறகு முதல் பக்கத்தையே ஐந்தாவது தடவையாக, ஓர் அங்குல அகலப் பட்டை விழும்படி வெட்ட வேண்டும். அந்தப் பட்டையின் இரண்டு முனைகளிலும் அகலத்தை வெர்னியரில் அளந்தால் வித்தியாசத்தில் விடை இருக்கிறது. காரணம் அழகானது. நாற்கரத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைதான். மூன்று மூலை ஒரே அளவு கூடிப்போயிருந்தால் நாலாவது மூலை மூன்றின் பிழையையும் சேர்த்துக் குறைந்து நிற்கும். ஐந்தாவது வெட்டு அதற்குமேல் தன் பங்குப் பிழையையும் போடும். பட்டையில் தெரிவது நாலு மடங்கு. வித்தியாசம் 0.4 மி.மீ. என்றால் உண்மைப் பிழை 400 மி.மீ. நீளத்துக்கு 0.1 மி.மீ. தடுப்பின் ஒரு முனைத் திருகு அச்சாக இருந்து, மறுமுனை 600 மி.மீ. தள்ளி இருந்தால், அந்த முனையை 0.15 மி.மீ. நகர்த்த வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. என்பதால் இந்த நகர்த்தலைக் கையால் உணரவே முடியாது. தடுப்பை ஒட்டி ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, தடிமன் தெரிந்த ஃபீலர் கேஜ் தகட்டை இரண்டுக்கும் நடுவில் செருகி நகர்த்தினால் முடியும்.

இந்த அளவு நுணுக்கம் மரவேலைக்குத் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. மரம் தானே ஆடும் பொருள், அதில் எதற்கு வெர்னியர் என்பார்கள். நீளவாக்கில் மரம் ஆடாது என்பது என் முதல் பதில். இரண்டாவது, பிழை கூடும் விதம். அரைப் பாகை தப்பினால் 80 மி.மீ. சட்டத்தின் தோளில் 0.7 மி.மீ. இடைவெளி, புட்டி வைத்து மறைத்துவிடலாம். அதே அரைப் பாகை 600 மி.மீ. மேசைப் பலகையின் முனையில் 5 மி.மீ. ஆகிவிடும். எட்டுப் பக்கச் சட்டம் ஒன்றுக்குப் பதினாறு வெட்டு. வெட்டுக்குக் கால் பாகை என்றாலும் கடைசி மூலையில் 4 பாகை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கிளாம்ப் போட்டு இறுக்கிப் பசையை ஊற்றி மூடலாம்தான். அந்தச் சட்டம் தன் வாழ்நாள் முழுவதும் இறுக்கத்தில் இருக்கும், ஏதோ ஒரு கோடையில் விட்டுக்கொடுக்கும்.

விரல்களைப் பற்றிப் பேச வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுவதும் என்றால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கணு மட்டும், இரண்டு கணு, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண். இழப்பீடு தர ஏதாவது கணக்கு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் இழைத்த பலகையின் மேல் ஓடி மேடு பள்ளம் பார்ப்பது ஆள்காட்டி விரலின் நுனி. கண்ணுக்குத் தெரியாத உயரத்தை அதுதான் ஆசாரிக்குச் சொல்கிறது. ஒரு தச்சனிடமிருந்து அதை எடுத்துவிட்டால் போவது 14 சதவீதம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சட்டம் முன்யோசனை இல்லாமல் இருந்ததாகவும் சொல்ல முடியாது. பிளேடுக்குப் பின்னால், அதே கோட்டில் நிற்கும் பிளவுக்கத்தி, அறுபட்ட மரம் பின்பல்லில் சேராமல் தடுப்பது. பிரிட்டனின் மரவேலை இயந்திர விதிமுறைகள் 1922லேயே அதைக் கட்டாயமாக்கின. நம் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளிலும் பிளவுக்கத்தி, மேல்மூடி, தள்ளுகட்டை எல்லாம் இடம்பெற்றன. ஆனால் 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மின்சக்தியோடு 10 பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் தொடங்கியது. நம் ஊர்ப் பட்டறையில் மூன்று பேர், நாலு பேர். விதி வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

அமெரிக்காவில் வேறொரு திசையில் யோசித்தார்கள். ஸ்டீவ் காஸ், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர், 1999இல் ஒரு வழி கண்டார். பிளேடில் சிறு மின்சமிக்ஞை ஓடுகிறது. மனித உடம்பு பட்டால் அது மாறும். மாறிய உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து, ஐந்து மில்லி நொடிக்குள் அதை நிறுத்திவிடும். விரலுக்குப் பதில் சாசேஜை வைத்துக் காட்டினார். சாஸ்டாப் என்ற பெயரில் 2004இல் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், டேபிள் சா பிளேடு பட்டு ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள் என்று கணித்திருந்தது. இந்தக் கண்டுபிடிப்பை நான் மனமார மதிக்கிறேன். காப்பாற்றிய ஒவ்வொரு விரலுக்காகவும். ஆனாலும் அது விரல் தொட்ட பிறகு தொடங்கும் காவல். ஸ்லெட் விரல் தொடாதபடி வேலையையே வேறுவிதமாக அடுக்குகிறது, கூடவே முனையையும் நேராக வெட்டித் தருகிறது. முன்னது நம் பட்டறைகளுக்கு எட்டாத விலை. பின்னதற்கு ஒரு பிளைவுட் துண்டும் அரை நாளும் போதும்.

பிறகு ஏன் நம் பட்டறைகளில் அதைக் காண்பது இவ்வளவு அரிது? பணம் காரணம் இல்லை. அது கற்றுக்குட்டிகளின் ஊன்றுகோல் என்ற நினைப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். கையால் தள்ளி, கண்ணால் பார்த்து, கோட்டில் விடுகிறவன்தான் கைகாரன் என்ற பெருமை. அந்தப் பெருமையை நான் அலட்சியப்படுத்தவில்லை. அது ரம்பத்தைக் கையில் பிடித்து அறுத்த தலைமுறையிடமிருந்து வந்தது, அங்கே அது நியாயமாகச் சம்பாதித்த பெருமை. ஆனால் அந்தத் தலைமுறையே கத்தியால் கோடு கிழிக்காமல் ரம்பத்தைத் தொட்டதில்லை. முழக்கோலும் மூலைமட்டமும் இல்லாமல் கையை நம்பியதில்லை. அவர்களுடைய கைத்திறனில் பாதி, கையை எங்கே நம்பக்கூடாது என்ற தெளிவு. மின்மோட்டார் வந்தபோது வேகத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டை விட்டுவிட்டோம். ஸ்லெட் அந்தக் கோட்டின் தொடர்ச்சி. ஊன்றுகோல் என்று அதை ஒதுக்குவது முன்னோரின் வேலையை அறியாமல் சொல்வது.

பட்டறைக்கு வரும் பையனுக்கு முதல் வேலையாக உப்புத்தாள் தேய்க்கக் கொடுப்பது நம் வழக்கம். அதற்குப் பதில் ஒரு ஸ்லெட் செய்யச் சொல்லலாம். மோட்டாரைத் தொடாமலே முக்கால்வாசி வேலையை அவன் முடிக்கலாம்: அடிச்சட்டத்தை இழைப்புளியால் பள்ளத்துக்குப் பொருத்துவது, தடுப்புக்கு நேரான மரம் தேர்ந்தெடுப்பது, ஒரு பல்லை வைத்து இணை பார்ப்பது. நம் பக்கத்துத் தடுப்பின் பின்னால், பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு கனமான கட்டையை ஒட்டி அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்ல வேண்டும்; வெட்டு முடியும் நொடியில் கட்டைவிரல் பழக்கத்தில் போய் நிற்கும் இடம் அதுதான். தட்டு அதற்குமேல் போகாதபடி மேசையில் ஒரு நிறுத்தம். பிளேடை மரத்துக்கு மேல் ஒரு பல் உயரத்துக்கு மட்டும் ஏற்றச் சொல்ல வேண்டும். பிறகு பெரியவர் பக்கத்தில் நிற்க, ஐந்து வெட்டு. வெர்னியரில் வந்த எண்ணை நாலால் வகுத்து, வெட்டின் நீளத்தோடு சேர்த்துத் தடுப்பின் முகத்தில் பென்சிலால் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லலாம். மூன்று மாதம் கழித்து அவனே இன்னொரு துண்டை எடுத்து மறுபடி ஐந்து முறை வெட்டி, புதிய எண்ணைப் பழைய எண்ணுக்குக் கீழே எழுதட்டும். வித்தியாசம் இருந்தால் திருகைத் தளர்த்தி எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்க அவனுக்குத் தெரிந்திருக்கும்.